குறி தப்பினால் யார் குற்றம்?

குறி வைத்தது ஒரு இடம், குண்டு பட்டது வேறொரு இடம். உடனே பழி யார் மேல் விழும்? சுட்டவன் மேல்தான். ஜெராக்ஸ் மெஷின் மக்கர் செய்தால் ப்யூனை முறைக்கிறோமே, அந்த மாதிரி! துப்பாக்கி பிறந்த நாளிலிருந்து சிப்பாய்கள் வாங்கிக் கட்டிக்கொண்ட திட்டு இது.

1854-ல் இங்கிலாந்தில் ஒரு மனுஷர் மட்டும் சிப்பாயை விட்டுவிட்டுத் துப்பாக்கியைக் கூண்டில் ஏற்றினார். பெயர் ஜோசப் விட்வொர்த். எங்கேயோ கேட்ட பெயர் மாதிரி இருக்கிறதா? லேத் பட்டறைப் பக்கம் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும். பி.எஸ்.டபிள்யூ. போல்ட் என்று கேட்டு வாங்குவார்களே, அதில் வரும் 'டபிள்யூ' சாட்சாத் இவரேதான். அந்தக் காலத்தில் பட்டறைக்கு ஒரு மரை. இந்தக் கடை நட்டு அந்தக் கடை போல்ட்டில் ஏறாது. 1841-ல் அதற்கெல்லாம் ஒரே அளவு வகுத்துக் கொடுத்தவர். ஒரு அங்குலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கை அளக்க மெஷின் செய்தவர். இவரிடம் போய் "சுமாரா இருந்தா போதும் ஸார்" என்று சொல்லிப் பாருங்கள்!

சர்க்கார் கேட்டது சாதாரண சமாசாரம். கிரிமியா யுத்தம் வந்துவிட்டது, என்ஃபீல்ட் ரைஃபிள்களை ஆயிரக்கணக்கில் செய்ய மெஷின் வேண்டும். விட்வொர்த்தோ, ஒரு ரைஃபிள் ஏன் சரியாகச் சுடுகிறது, ஏன் தப்பாகச் சுடுகிறது என்பதை முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று நின்றார். நியாயம்தானே? தப்பான சாமானை வேகமாகச் செய்வதற்கு எதற்கு மெஷின்?

என்ஃபீல்ட் என்பது கிட்டத்தட்ட நம் ஊர் நாட்டுத் துப்பாக்கிக்குப் பெரியண்ணன். குழல் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, நீளக் கம்பியால் இடித்துக் கிட்டிக்க வேண்டும். வித்தியாசம் குழலுக்குள் இருக்கிறது. உட்சுவரில் மரை மாதிரி சுற்றிப் போகும் மூன்று காடிகள். அதைப் பிடித்துக்கொண்டு வரும் குண்டு பம்பரமாகச் சுழன்று நேராகப் போக வேண்டும் என்பது ஏற்பாடு.

இதில் ஒரு தர்மசங்கடம். உள்ளே போகும்போது குண்டு லூஸாக இருந்தால்தான் சட்டென்று கிட்டிக்கலாம். வெளியே வரும்போது டைட்டாக இருந்தால்தான் காடியைப் பிடிக்கும். 1849-ல் மினியே என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி இதற்கு வழி சொன்னார். குண்டின் அடிப்பாகத்தில் ஒரு குழி. மருந்து வெடிக்கும் வேகத்தில் ஈயம் விரிந்து காடியில் அப்பிக்கொள்ளும். என்ஃபீல்ட் குண்டும் அந்த வம்சம்தான். சுலபமாக வழுக்கிப் போகத் தோட்டா உறையில் கொழுப்பு தடவினார்கள். அந்தக் கொழுப்பு 1857-ல் நம் நாட்டில் எதைப் பற்றவைத்தது என்பது பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும்.

இருக்கட்டும். விட்வொர்த்துக்காக மான்செஸ்டர் பக்கத்தில், சர்க்கார் செலவில் 500 கஜ நீளத்துக்கு ஒரு கூடம் கட்டினார்கள். காற்று வந்து குண்டைத் தள்ளிவிட்டது என்று யாரும் சாக்குச் சொல்லக் கூடாது பாருங்கள்! கட்டிய கொஞ்ச நாளிலேயே புயல் அடித்துக் கூடமே விழுந்தது தனிக்கதை. மறுபடி எழுப்பி, 1855 மார்ச்சில் சோதனை ஆரம்பமானது. வழி நெடுக மெல்லிய காகிதத் திரைகள். குண்டு ஒவ்வொன்றிலும் ஓட்டை போட்டுக்கொண்டே போகும். ஓட்டைகளைப் பார்த்தால் எங்கே தடம் மாறியது என்று புட்டுப்புட்டு வைத்துவிடும்.

முதல் குற்றவாளி சுற்று. என்ஃபீல்டின் காடி ஒரு முழுச் சுற்று சுற்ற 78 அங்குலம் வேண்டும். குழலின் நீளமோ 39 அங்குலம்! அதாவது குண்டு அரைச் சுற்றோடு வெளியே வந்துவிடும். சாட்டையைப் பாதி சுற்றிவிட்ட பம்பரம் எப்படி ஆடும்? அப்படித்தான் ஆடியது. விட்வொர்த் 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று வைத்தார். இரண்டாவது, குண்டின் குள்ளமும் பருமனும். குழலின் உள்விட்டத்தை .577 அங்குலத்திலிருந்து .451-க்குக் குறைத்தார். அதே எடை ஈயம் இப்போது ஒல்லியாக, நீளமாக ஆனது. காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. மூன்றாவது பிடிமானம். காடியையே எடுத்துவிட்டு, குழலின் உட்புறத்தை ஆறு பட்டையாக முறுக்கினார். குண்டும் அதே மாதிரி ஆறு பட்டை. போல்ட்டும் நட்டும் போல! மரைக்காரர் புத்தி வேறு எங்கே போகும்?

1857-ல் ஹைத் ராணுவப் பள்ளியில் இரண்டையும் மோதவிட்டார்கள். 500 கஜத்தில் என்ஃபீல்ட் சராசரியாக இரண்டு அடிக்கு மேல் விலகியது. விட்வொர்த்தின் ரைஃபிள் அரை அடிகூட விலகவில்லை. 1400 கஜத்தில் என்ஃபீல்ட் குறிப்பலகையையே தொடவில்லை. 1860 ஜூலையில் விம்பிள்டன் போட்டியைத் துவக்கிவைத்த விக்டோரியா மகாராணி, தாங்கியில் பொருத்திய விட்வொர்த் ரைஃபிளின் பட்டுக் கயிற்றை இழுத்தார். 400 கஜத்துக்கு அப்பால் குண்டு மையத்திலிருந்து ஒன்றரை அங்குலத்துக்குள் விழுந்தது. மகாராணிக்குக் கை நடுங்கியிருந்தாலும் ஒன்றும் கெட்டிருக்காது!

இவ்வளவு ஜோரான துப்பாக்கியை ராணுவம் வாங்கியதோ? ஊஹூம். விலை அதிகம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, நான்காவது குற்றவாளி: கரி. அந்தக் கால வெடிமருந்தில் உப்பு, கரி, கந்தகம் மூன்றும் உண்டு. வெடித்தால் பாதிக்கு மேல் புகையும் சாம்பலுமாகவே மிஞ்சும். குறுகலான குழலில் அது சீக்கிரம் அடைத்துக்கொண்டது. எதிரி ஓடி வரும்போது, "கொஞ்சம் இருப்பா, குழாயைத் துடைச்சுக்கறேன்" என்று சொல்ல முடியுமா?

ஆனால் நிதானமாகப் பதுங்கிச் சுடுகிறவனுக்கு அந்தக் கவலை இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலத்தார் கொஞ்சம் விட்வொர்த் ரைஃபிள்களை வரவழைத்தார்கள். 1864 மே 9, ஸ்பாட்சில்வேனியா போர்க்களம். வடமாநில ஜெனரல் ஜான் செட்ஜ்விக், குண்டுக்குப் பயந்து குனிந்த தன் வீரர்களைக் கேலி செய்தார். இவ்வளவு தூரத்திலிருந்து அவர்களால் ஒரு யானையைக்கூட அடிக்க முடியாது என்றார். சற்று நேரத்தில் இடது கண்ணுக்குக் கீழே குண்டு பாய்ந்து செத்துப்போனார். அது விட்வொர்த் குண்டுதான் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். சிப்பாய்கள் குனிந்ததில் தப்பே இல்லை.

இன்றைக்கும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குழல் வாயில் கிட்டித்துச் சுடுவதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிறவர்கள் உண்டு. குறி சிதறினால் அவர்கள் செய்வதும் இதே விசாரணைதான். முதலில் துப்பாக்கியை மணல் மூட்டை மேல் வைத்துச் சுட்டு, கையின் மேல் குற்றமில்லை என்று தீர்த்துக்கொள்வார்கள். ஒவ்வொரு வேட்டுக்கும் இடையில் ஈரத் துணியால் குழலைத் துடைப்பார்கள். பாதித் தகராறு இதிலேயே அடங்கிவிடும். பிறகு மருந்தின் அளவைக் கொஞ்சம் கூட்டி, குறைத்துப் பார்ப்பார்கள். மருந்தை மாற்றும்போது குண்டை மாற்றக் கூடாது; குண்டை மாற்றும்போது மருந்தைத் தொடக் கூடாது. இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது.

உருண்டைக் குண்டு போடுகிறவர்கள் அதைத் துண்டுத் துணியில் சுற்றி இறக்குவார்கள். சுட்ட பிறகு தரையில் கிடக்கும் அந்தத் துணியைப் பொறுக்கி, ஜாதகம் மாதிரி படிப்பார்கள். கிழிந்திருந்தால் காடியின் விளிம்பு கூராக இருக்கிறது. கருகி ஓட்டை விழுந்திருந்தால் துணி மெலிசு, அல்லது எண்ணெய் போதவில்லை.

இவர்களுக்கு உலகப் போட்டியே நடக்கிறது. 100 மீட்டர் தூரத்தைப் படுத்தபடி சுடும் ஒரு பிரிவு உண்டு. அதன் பெயர், விட்வொர்த்.