ஆடில்லாத மலையில் கம்பளி வந்த கதை தெரியுமா?

நிலநடுக்கோட்டிலிருந்து ஏழே பாகை வடக்கே இருக்கிற ஒரு ஊரில், ஜனவரி அதிகாலையில் புல்மேல் உறைபனி உப்பைத் தூவியதுபோலக் கிடக்கும் என்றால் நம்புவீர்களா? நுவரெலியாவில் கிடக்கும்! கடல்மட்டத்துக்கு 1,868 மீட்டர் மேலே உள்ள ஊர் அது. பனி கடுமையாக விழுந்தால் தேயிலைக் கொழுந்து கருகி நிற்கும்.

அந்தக் குளிரில் காலைச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். கரட், லீக்ஸ், கோவா, பீட்ரூட் எல்லாம் மண் வாசனையோடு குவிந்திருக்கும். அவற்றுக்குப் பக்கத்திலேயே ஒரு கயிற்றில் கையால் பின்னிய குல்லாக்களும் குழந்தைகளுக்கான காலுறைகளும் ஆடும். லீக்ஸ் கட்டி முடித்த கை உடனே பின்னல் ஊசியை எடுத்துக்கொள்ளும். ஏப்ரல் சீசனில் கொழும்பிலிருந்து பருத்திச் சட்டையோடு வந்து நடுங்குகிறவர்களுக்கு அந்தக் கயிறுதான் முதலில் கண்ணில் படும்.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? இவ்வளவு குளிரான மலையில் கம்பளி ஆட்டு மந்தை எங்கே? இலங்கையின் சொந்தச் செம்மறி இனம் யாழ்ப்பாணச் செம்மறிதான். வெயிலுக்குப் பிறந்த ஆடு அது. அதன் உடம்பில் இருப்பது குட்டை மயிர், கத்தரித்து நூற்கும் கம்பளி அல்ல. அப்படியானால் இந்த மலைக்குச் சூடு எங்கிருந்து வந்தது? தேடப் போனால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு வியப்பு காத்திருக்கிறது!

மூன்று கிடாக்கள் கப்பலேறி வந்த கதையிலிருந்து தொடங்கலாம். பிற்காலத்தில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய் ஆல்பர்ட் ஏரியைக் கண்டு புகழ்பெற்றாரே சாமுவேல் பேக்கர், அவர் அதற்கு முன் நுவரெலியாவில் விவசாயி! காய்ச்சலில் விழுந்தவர் இந்த மலைக்காற்றில் தேறினார். தேறியதும் இங்கேயே ஓர் ஆங்கிலக் கிராமத்தை அப்படியே நட்டுவிட ஆசைப்பட்டார். 1848இல் ஆட்கள், விதைகள், கருவிகள், வேட்டைநாய்கள், உயர்சாதிப் பசு, கூடவே மூன்று ஆட்டுக்கிடாக்கள் எல்லாம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் கிளம்பின. அந்தக் கிடாக்களின் இனம் என்ன தெரியுமா? ஒன்று சவுத்டவுன், ஒன்று லெஸ்டர், ஒன்று கொட்ஸ்வோல்ட். மூன்றுமே இங்கிலாந்தின் பேர்போன கம்பளி ஆடுகள்!

பசு பாவம், நுவரெலியாவைப் பார்க்காமலேயே வழியில் செத்துப்போனது. இறம்பொடைக் கணவாயில் ஒரு குதிரைவண்டி பள்ளத்தில் உருண்டது. பேக்கரின் பண்ணை இருந்த மாகஸ்தொட்ட பின்னாளில் தேயிலைத் தோட்டமானது. அவரும் 1855இல் ஊருக்குக் கிளம்பிவிட்டார். ஆட்டுக் கம்பளி இந்த மலையில் தொழிலாக வேர்விடவே இல்லை. வருடத்தில் பாதி நாள் நனைந்து கிடக்கும் மண்ணில் ஆட்டின் குளம்பு அழுகும், குடலில் புழு சேரும். அதைவிடப் பெரிய காரணம், மேயவேண்டிய சரிவையெல்லாம் முதலில் கோப்பியும் பிறகு தேயிலையும் பிடித்துக்கொண்டன.

ஆனால் கம்பளி வந்தது! ஆட்டின் முதுகில் அல்ல, மனிதரின் தோளில்.

திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் என்று தமிழ்நாட்டுக் காய்ந்த மாவட்டங்களிலிருந்து தோட்ட வேலைக்குக் கிளம்பிய சனம் மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரைக்கும் நடந்தது. வெயிலைத் தவிர வேறெதையும் அறியாத உடம்புகள். அந்த உடம்புகளுக்கும் மலைக் குளிருக்கும் நடுவில் நின்றது ஒரே ஒரு கறுப்புக் கம்பளி. எங்கள் அப்பாயி தன் கம்பளியை மடித்துத் தகரப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். முரட்டுக் கம்பளி, கழுத்தில் பட்டால் முள்ளாகக் குத்தும். மழைநாளில் அதை இரண்டாக மடித்து ஒரு மூலையை உள்ளே குழித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வார். தலையும் முதுகும் ஒன்றாக மறையும், கைகள் இரண்டும் கொழுந்து எடுக்கத் தோதாக இருக்கும். அதற்குக் கொங்காணி என்று பெயர். அதன்மேல் கூடைக் கயிறு, இடுப்பில் படங்கு. தையல் இல்லை, பொத்தான் இல்லை, ஆனால் மழைச்சட்டை தயார்! ஒரு சதுரத் துணியை ஒரே மடிப்பில் ஆடையாக்கிய அந்த அறிவை நினைத்தால் எனக்கு இன்னும் மலைப்பாக இருக்கிறது.

நனைந்த பிறகும் கம்பளி எப்படிச் சூடு தருகிறது தெரியுமா? கம்பளி இழை தன் காய்ந்த எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டாலும், தொட்டால் நனைந்ததுபோலவே தெரியாது! இழையின் வெளிச்செதில் நீர்த்துளியை உருட்டித் தள்ளும், உள்பகுதி ஈர ஆவியைக் குடிக்கும். குடிக்கும்போது அந்த இழை கொஞ்சம் வெப்பத்தை வெளியே விடுகிறது. ஆம், ஈரம் ஏற ஏறக் கம்பளி தானே சூடு உண்டாக்குகிறது! சுருண்ட இழைகளுக்கு நடுவே அடைபட்ட காற்று அந்தச் சூட்டைப் பிடித்து வைக்கிறது. தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் விடியற்காலை மூடுபனியில் நின்றவர்களுக்கு இந்த அறிவியல் பாடம் தேவைப்படவில்லை. உடம்புக்கே தெரிந்திருந்தது.

தமிழ்நாட்டில் இந்த வகைக் கம்பளியை நெய்தவர்களில் ஆடு மேய்க்கும் குறும்பர்கள் முக்கியமானவர்கள். தாங்களே மேய்த்து, தாங்களே கத்தரித்து, நூற்று, தறியில் போட்டார்கள். கறுத்த ஆட்டின் கம்பளிக்குச் சாயமே வேண்டாம். பாவுநூலுக்கு அவர்கள் போட்ட பசை எது தெரியுமா? புளியங்கொட்டைப் பசை! குழம்புக்குப் புளி கரைத்த பிறகு நாம் தூக்கி எறியும் கொட்டைதான் அந்த நூலுக்கு விறைப்பும் பலமும் கொடுத்தது.

தமிழர்களுக்கு மயிரில் நெய்த துணி எவ்வளவு பழையது என்று நினைக்கிறீர்கள்? சிலப்பதிகாரத்தின் மதுரையில், அறுவை வீதியில் பருத்தி நூலாலும் பட்டாலும் மயிராலும் நெய்த மடிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன! சீவக சிந்தாமணியில் நெருப்பைத் தின்னும் செவ்வெலியின் மயிரால் செய்த கம்பலம்கூட வருகிறது. சீனர்களும் தீயில் வாழும் எலியின் மயிரால் ஆன, எரியாத துணியைப் பற்றிப் பேசினார்கள். அது உண்மையில் கல்நார்த் துணி. இரண்டு இலக்கியங்களில் ஒரே எலி!

கம்பளி என்ற சொல்லும் விடவில்லை. சிங்களத்தில் அது கம்பிளிய ஆனது. வெள்ளைக்காரத் துரைமாரின் வாயில் கம்ப்ளி ஆனது. 1886இல் வந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியிலும் ஏறிவிட்டது. ஆனால் அந்தச் சொல் ஏறிய இன்னோர் இடத்தைச் சொல்லும்போது நெஞ்சு கனக்கிறது. அரிசியோடும் வழிச்செலவோடும் கம்பளியும் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதப்பட்டது. கடன் இவ்வளவு என்று காட்டும் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். நமக்குத் துண்டு என்றால் தோளில் போடும் துணி. அவர்களுக்கோ ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு ஆளையே கைமாற்றும் காகிதம். 1921இல்தான் அந்த முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். குளிருக்குப் போர்த்திக்கொண்டதற்கும் கடன்பட்ட சனம் நம்முடையது.

சரி, ஆட்டு மயிர் வெளியிலிருந்து வந்தது. மலைநாட்டுக்கென்று சொந்த நார் கிடையாதா? இருக்கிறது! கண்டிக்குப் பக்கத்தில் தும்பறைப் பள்ளத்தாக்கு, அங்கே ஹேனவெல என்ற கிராமம். கற்றாழைபோல நீண்டு தடித்த இலை விடும் 'ஹன' செடியின் இலையை ஒரு மரக்கட்டைமேல் வைத்துச் சதையைச் சுரண்டி எடுப்பார்கள். உள்ளே வெள்ளி முடிபோல நார்! அதைக் கழுவி, காயவைத்து, சீவி, சாயம் ஏற்றித் தறியில் பாய் நெய்கிறார்கள். சிவப்புக்குப் பதிமுகக் கட்டை, மஞ்சளுக்கு மரமஞ்சள், கறுப்புக்குக் கடுக்காயும் சேறும். நாட்டு மருந்துக்கடையும் சேறும் சேர்ந்தால் ஒரு சாயப்பட்டறை! யானை, மான், பாம்பு, பூ எல்லாம் அந்தப் பாயில் கோடும் கட்டமுமாக நடக்கும். 2021இல் யுனெஸ்கோ இந்தத் தும்பறைப் பாய் நெசவை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

இந்தக் கைவினைகளை நூறு ஆண்டுக்கு முன்பே உட்கார்ந்து கவனித்து எழுதியவர் ஒரு தமிழர் மகன் தெரியுமா? சர் முத்துக் குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி! படித்தது நிலவியல். 1903 முதல் இலங்கையின் கனிமவள ஆய்வுக்குத் தலைவர். கல்லைத் தேடிக் கிராமம் கிராமமாகப் போனவர் கைவினைஞர்களைக் கண்டு நின்றுவிட்டார். கண்டிக் காலத்துக் கலைகளைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1908இல் வந்தது. அதில் தறியும் பாயும் சாயமும் இருக்கின்றன.

எனக்கு மிகப் பெரிய வியப்பு அவர்கூட நடந்த பெண்தான். அவருடைய மனைவி எதெல், படம் எடுத்தவர், குறிப்பு எழுதியவர், கிராமத்துத் துணியையும் தையலையும் விரல்படத் தொட்டுப் பார்த்தவர். பிற்காலத்தில் எதெல் மைரெட் என்ற பெயரில் இங்கிலாந்தின் டிச்லிங் கிராமத்தில் தறி போட்டு உட்கார்ந்தார். கையால் கம்பளி நூற்று, செடிகொடிச் சாயம் ஏற்றி நெய்தார். 1916இல் தாவரச் சாயங்களைப் பற்றி எழுதிய நூலைக் கைத்தறிக்காரர்கள் பல தலைமுறையாகக் கையில் வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் கைநெசவு மறுபடி உயிர்பெற்ற கதையில் அவர் பெயர் முதல் வரிசையில் நிற்கிறது. இன்று மேற்கு நாட்டு உழவர் சந்தைகளில் கையால் நூற்ற கம்பளிக்குக் கூட்டம் சேர்கிறதே, அந்த ஆர்வத்தின் ஒரு இழை நம் கண்டி மலையில் முறுக்கேறியது என்று நான் நம்புகிறேன்!

இன்னும் ஒரு திருப்பம். 1964 அக்டோபர் 30 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். தோட்டத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று காகிதத்தில் பிரித்தார்கள். ஹட்டனிலிருந்தும் தலவாக்கலையிலிருந்தும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனவர்களில் பலர் சேர்ந்த இடம் எது? நீலகிரி! அவர்களுக்காகவே அரசு தேயிலைத் தோட்டம் போட்டது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர். ஆனால் அந்த மலையில் கம்பளி ஆடு இருந்தது! கோயம்புத்தூர்க் குறும்பை ஆட்டோடு மெரினோ, செவியட், சவுத்டவுன் கலந்து 19ஆம் நூற்றாண்டில் உருவான நீலகிரி ஆடு. ஆமாம், பேக்கர் கொண்டுவந்த அதே சவுத்டவுன்! இங்கே தோற்ற ரத்தம் அங்கே பிழைத்தது. அதன் இழை சுமார் 27 மைக்ரான், நம் தலைமுடியில் பாதிகூட வராது. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் அதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் 1965இலிருந்து இருக்கிறது. ஆனாலும் இன்று அந்த இனம் அருகிவருகிறது. அதே மலையின் தோடர் பெண்கள் வெள்ளைப் பருத்தியில் சிவப்பும் கறுப்புமாகக் கம்பளி இழை கோத்துப் பூவேலை செய்கிறார்கள். கோடு வரைவதில்லை, சட்டம் மாட்டுவதில்லை, துணியின் இழைகளை எண்ணி எண்ணியே குத்துகிறார்கள்! 2013இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

மறுபடி நுவரெலியாவுக்கு வருவோம். பேல் பஜார் என்ற துணிச்சந்தையில் குளிர்ச் சட்டைகள் மலைபோலத் தொங்குகின்றனவே, அவை எங்கிருந்து வருகின்றன? பல சட்டைகள் ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியவை. ஐரோப்பியப் பனிக்காலத்துக்கு என்று இலங்கை ஆடைத் தொழிற்சாலைகளில் தைத்தவை. 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்தது முதல் அந்தத் தொழிலுக்கு ஊர் ஊராகப் பெண்கள் போனார்கள். பிறகு தோட்டத்து லயக் காம்பராக்களிலிருந்தும் போனார்கள். மகள் சமவெளியில் வியர்க்க வியர்க்கத் தைத்த ஜாக்கெட், வெள்ளைக்காரனுக்குப் போகாமல் திரும்பி மலையேறி, அம்மாவின் ஊர்ச் சந்தையில் தொங்குகிறது! இதைவிடப் பெரிய வியப்பு இந்த மலையில் எனக்குத் தெரியவில்லை.

அந்த மலிவுச் சட்டைக்குப் பக்கத்தில்தான் கையால் பின்னுகிறவர்கள் நிற்கவேண்டியிருக்கிறது. அவர்கள் 'ஊல்' என்று சொல்லி வாங்கும் நூல் பெரும்பாலும் அக்ரிலிக், அதாவது மண்ணெண்ணெய்யின் உறவுக்காரன். ஆனால் கை பொய் சொல்லாது. பெரியவர் ஒருவரின் ஸ்வெட்டரில் பல்லாயிரம் கண்ணிகள். ஒவ்வொன்றும் ஊசிமுனையைத் தாண்டி விரலால் வந்தது. பேரம் பேசும்போது அந்த எண்ணிக்கையை ஒரு கணம் நினையுங்கள், அவ்வளவுதான் நான் கேட்பது.

போன முறை போனபோது ஒரு அக்காவின் கடையில் மரகதப் பச்சையில் ஒரு குழந்தைக் குல்லா எடுத்தேன். "இந்த நிறத்து நூல் இங்க கிடைக்குமாக்கா?" என்று கேட்டேன்.

"கடையில இல்லம்மா. பேல்ல வந்த பழைய ஸ்வெட்டர் ஒண்ணு, கை மட்டும் ஓட்டை. பிரிச்சேன், கழுவி நீட்டிக் காயப்போட்டேன். அதுல நாலு குல்லா வந்துச்சு. இது நாலாவது."

மூன்று ஏற்கெனவே போய்விட்டனவாம். மீந்த நூலைச் சின்ன உருண்டையாகச் சுற்றி, தராசின் எடைக்கல்லுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.