உயிர் தரும் சாயம்

சாயத்தின் அருமையை நெசவாளர் நன்கறிவர். கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிரே சாயத்தை உண்டாக்குமாறு செய்தனர், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர் எழுவர். 2009ஆம் ஆண்டில் அவர்கள் ஈ.கோலை என்னும் பாக்டீரியாவில் பிற உயிர்களின் மரபணுக்களைப் புகுத்திச் சிவப்பு, மஞ்சள், ஊதா முதலிய நிறங்களைத் தோற்றுவித்தனர். குடிநீரில் நஞ்சு கலந்திருப்பின் நிறம் காட்டி உணர்த்தும் உயிரை அமைக்க இது உதவும் என்பது அவர்கள் எண்ணம். ஐஜெம் என்னும் உலக மாணவர் போட்டியில் அவ்வாண்டின் முதற்பரிசும் பெற்றனர்.

ஆயினும், இதனைப் பொதுமக்களுக்கு எங்ஙனம் விளக்குவது? மரபணு என்றதும் அஞ்சுவோர் உண்டு. அளவு கடந்து நம்புவோரும் உண்டு. மாணவருடன் சேர்ந்து உழைத்த டெய்சி கின்ஸ்பர்க், ஜேம்ஸ் கிங் என்னும் வடிவமைப்பாளர் இருவர் ஒரு வழி கண்டனர். இந்நுண்ணுயிர் கலந்த தயிர்ப் பானத்தை அருந்தினால், உள்ளே இருக்கும் நோய்க்கேற்ப மலத்தின் நிறம் மாறும் என்று கற்பனை செய்தனர். பல வண்ண மல மாதிரிகளைச் செய்து கைப்பெட்டியில் அடுக்கிக் காட்டினர். அது விற்பனைக்கு வந்த பொருளன்று, முகஞ்சுளிக்க வைப்பதுங்கூட. எனினும், "இது நமக்கு வேண்டுமா?" என்று எவரையும் கேட்கத் தூண்டுவது.

சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடங்களில் நாம் காண்பதும் இதுவே. மகாசபையில் கணக்கை வாசித்துவிட்டால் மட்டும் அங்கத்தினர் தெளிவடைவதில்லை; தம் வாழ்வில் அதனால் விளைவது யாதென அறிந்தால்தான் வினா எழும். புதியது எதுவாயினும், ஏற்குமுன் விளக்கம் கேட்பது மக்களின் உரிமை. விளங்கச் சொல்வது கற்றோர் கடமை.