எலிக்குக் கொடுத்த தினை

தானியத்தில் நல்லது எதுவானாலும் அது நார்ச்சத்தால்தான் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் ஜப்பானின் இவாத்தேயில் ஆய்வாளர்கள் தினை, பனிவரகு ஆகியவற்றின் புரதத்தை மட்டும் பிரித்தெடுத்துச் சோதித்தார்கள். பால் புரதமான கேசீன் தின்ற எலிகளைவிட, பனிவரகுப் புரதம் தின்ற எலிகளுக்கு நல்ல கொலஸ்ட்ராலான எச்.டி.எல். கூடியிருந்தது. பருமனும் சர்க்கரை நோயும் உள்ள சுண்டெலிகளுக்குத் தினைப் புரதம் கொடுத்தபோது, கொழுப்புத் திசு சுரக்கும் ஹார்மோனான அடிப்போனெக்டினும் உயர்ந்தது. தானியம்போலப் பயன்படும் பக்வீட்டின் புரதம் தின்ற எலிகளின் புழுக்கையைச் சேர்த்து, உலர்த்தி, பொடித்து அளந்தபோது கொலஸ்ட்ரால் வகையான ஸ்டெரால் அதிகமாக வெளியேறியிருந்தது. செரிக்காமல் எஞ்சிய புரதம் அதையும் இழுத்துக்கொண்டு போகிறது.

உற்சாகமான செய்திதான். ஆனால் ஆய்வகத் தீவனத்தில் புரதம் மட்டுமே ஐந்தில் ஒரு பங்கு; முழுத் தினையில் அதில் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது. எலிக்குக் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி எச்.டி.எல்.லில் பயணிக்கிறது, நமக்கு எல்.டி.எல்.லில். அதனால் எலிக்குக் கிடைத்த பலன் நமக்கும் அப்படியே கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

என் கவலை வேறு. தானியப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. 1914இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில், மக்காச்சோளப் புரதமான செயினை மட்டும் தின்ற எலிகள் எடை இழந்தன. டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்ததும் எடை குறைவது நின்றது. லைசினும் சேர்த்த பிறகுதான் வளர்ந்தன. 1950களில் விஸ்கான்சினில் புரதம் குறைந்த தீவனத்தில் திரியோனின் என்ற அமினோ அமிலமும் போதாதபோது, எலிகளின் கல்லீரலிலேயே கொழுப்பு படிந்தது. கல்லீரலில் இருந்து கொழுப்பு வெளியேறவும் புரதம் வேண்டும். அரிசியில் லைசினுக்கு அடுத்துக் குறைவது இந்தத் திரியோனின்தான்.

கொழுப்பைக் குறைக்க அப்பா சாப்பிடும் அதே சிறுதானியக் கஞ்சியை, உடம்புக்கு நல்லது என்று ஒன்றரை வயதுக் குழந்தைக்கும் மூன்று வேளை ஊட்டும் வீடுகளை நினைத்தால் எனக்குப் பதற்றமாக இருக்கிறது. அப்பாவுக்கு மதியம் சாம்பாரும் மீனும் உண்டு. குழந்தைக்குக் கஞ்சி மட்டும்தான். வீட்டுச் சத்துமாவில் பொட்டுக்கடலையும் பாசிப்பயறும் சேர்ப்பார்களே, தானியத்தில் குறையும் லைசினைத் தருவது அவைதான். கடையில் வாங்கும் சிறுதானிய மாவுப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். பட்டியலில் பருப்போ பயறோ இல்லையென்றால், குழந்தையின் கஞ்சியில் ஒரு பிடி பாசிப்பருப்பு போட்டுக் குழைய வேகவையுங்கள்.