வெயிலில் மைதானம், மழையில் குளம்: ஈரநிலத்தின் எல்லையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

மே மாதத்தில் மனை பார்க்கப் போகிறீர்கள். தரை கெட்டியாக இருக்கு, ரோடு போட்டாச்சு, கல் நட்டாச்சு. ஓரத்தில் கொஞ்சம் கோரை மட்டும் தெரிகிறது. நவம்பரில் அதே இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அப்போ அந்த மனை ஈரநிலத்துக்கு உள்ளே இருக்கா, வெளியே இருக்கா? நம்முடைய சேமிப்பு மொத்தமும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

தண்ணீர் எங்கே முடிகிறதோ அதுதான் எல்லை என்று நினைப்போம். ஆனால் அந்த விளிம்பு மாதத்துக்கு மாதம் நகரும். அதனால் களத்துக்குப் போகும் நிபுணர்கள் தண்ணீரோடு செடி, மண் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். சம்பு, கோரை, அல்லி போன்றவை எதுவரை வளர்கின்றன என்பது ஒரு தடயம். அதைவிட நம்பகமான சாட்சி மண். நீண்ட காலம் நீரில் ஊறிய மண்ணுக்குள் காற்று போகாது. அதிலுள்ள இரும்பு நிறம் மாறி, மண் சாம்பல் நிறமாகும். வேர் போன வழிகளில் மட்டும் துருப்பிடித்த மாதிரி செம்புள்ளிகள் இருக்கும். கோடையில் குளம் வற்றினாலும் இந்த அடையாளம் சீக்கிரம் போகாது.

இதில் ரொம்பச் சிக்கலான இடம் கோல்ஃப் மைதானம். செடியைப் பார்க்கலாம் என்றால், எல்லாமே ஒரே மட்டத்தில் வெட்டிய புல். ஈரத்தைப் பார்க்கலாம் என்றால், தினமும் தெளிப்பான் ஓடுகிறது. அடியில் வடிகால் குழாய், மேலே கொட்டிய மண் வேறு. அங்கே துளைக்கருவியால் கொட்டிய மண்ணைத் தாண்டி, அடியிலுள்ள பழைய மண்ணை எடுத்துப் பார்க்கணும். கூடவே பழைய வரைபடங்களையும், மழைக்கு முன்னும் பின்னும் எடுத்த செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிடணும். மண் நிறம் மாறும் இடங்களை ஜிபிஎஸ் புள்ளிகளாகக் குறித்து இணைத்தால் எல்லைக்கோடு கிடைக்கும். மண் கொட்டி மேடாக்கிய லேஅவுட்டுக்கும் இதே கதைதான்.

சட்டம் என்ன சொல்கிறது? 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகள், ராம்சார் தலங்களுக்கும் அரசு அறிவிக்கை செய்த ஈரநிலங்களுக்கும் பொருந்தும். அங்கே ஆக்கிரமிக்கவோ குப்பை கொட்டவோ கூடாது. சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள், படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டுமானமும் கூடாது. பொழுதுபோக்குக்காகவே வெட்டிய குளம் இந்த விதிகளில் வராது; ஆக, கோல்ஃப் மைதானத்தில் அழகுக்குத் தோண்டிய குட்டை வேறு, ஏற்கெனவே இருந்த சதுப்பு வேறு. பாசனத்துக்காகக் கட்டிய ஏரிகளும் இதில் வராது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆனால் ஏரிகளுக்குத் தமிழ்நாட்டில் 2007-இல் வந்த ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் தனியாக இருக்கிறது.

எல்லை தெளிவாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பள்ளிக்கரணையே உதாரணம். 2022-இல் சுமார் 1,247 ஹெக்டேர் ராம்சார் தலமானது. அதன் தாக்கப் பகுதி எதுவரை என்று முடிவாகும்வரை, சுற்றிலும் 1 கி.மீ.க்குள் கட்டுமான அனுமதி தரக்கூடாது என 2025-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. சதுப்புக்குள் வராத மனை வைத்திருந்தவர்களும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது? முன்பணம் கொடுப்பதற்கு முன், சர்வே எண்ணை வைத்து அரசின் இணையவழி நில ஆவணச் சேவையில் 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் எடுங்கள். உங்கள் எண்ணை மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். சுற்றியுள்ள எண்களில் ஏரி, குளம், ஓடை, கழுவெளி என்று ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய கிராம வரைபடத்தில் நீர்வரத்துக் கால்வாய் எந்தப் பக்கம் போகிறது என்பதும் முக்கியம். பட்டா இருப்பதாலேயே ஈரநில விதி பொருந்தாது என்று அர்த்தமில்லை. பட்டா உரிமையைத்தான் சொல்லும், அங்கே என்ன கட்டலாம் என்பதைச் சொல்லாது.

அளவு சந்தேகம் என்றால், நில அளவைக்குக் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம். ஆனால் சர்வேயர் அளந்து தருவது உங்கள் சர்வே எண்ணின் எல்லை மட்டுமே. ஈரநில எல்லை பற்றிய கேள்வியை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில், சர்வே எண்ணைக் குறிப்பிட்டு எழுத்து மூலமாகவே கேளுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள்.