வீட்டு வாடகைத் தரகு

வீட்டு வாடகைத் தரகு என்பது, வீட்டை வாடகைக்கு விட விரும்பும் உரிமையாளரையும் வீடு தேடுபவரையும் இணைத்து வைத்து, அதற்காக ஒரு தொகையைப் பெறும் தொழில் ஆகும். இத்தொழிலைச் செய்பவர் வீட்டுத் தரகர் எனப்படுகிறார். பேச்சு வழக்கில் புரோக்கர் என்ற சொல்லே மிகுதியாக வழங்குகிறது. தமிழ்நாட்டின் நகரங்களில், குறிப்பாகச் சென்னையில், வாடகை வீடுகளில் கணிசமானவை தரகர்கள் வழியாகவே கைமாறுகின்றன. உரிமையாளருக்கும் குடியிருப்பவருக்கும் இடையிலான உறவைத் தனிச் சட்டம் ஒன்று நெறிப்படுத்துகிறது. எனினும் இருவரையும் சேர்த்து வைக்கும் வாடகைத் தரகருக்கு உரிமமோ கட்டாயப் பதிவோ இல்லை. இத்தொழிலின் வசதியும் இடரும் இந்த நிலையிலிருந்தே தோன்றுகின்றன. வடசென்னையின் டோல்கேட் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இத்தொழில் இங்கு விளக்கப்படுகிறது.

சொற்கள்

வீட்டு வாடகையைக் குறிக்கும் பழைய தமிழ்ச் சொல் குடக்கூலி என்பதாகும். ஒரே வீட்டின் பகுதிகளில் பல குடும்பங்கள் தனித்தனியே வாடகைக்கு இருந்து, கிணறு, கழிப்பறை, முற்றம் முதலியவற்றைப் பொதுவாகப் பயன்படுத்துவது ஒண்டுக்குடித்தனம் எனப்பட்டது. அவ்வாறான ஒரு பகுதி போர்ஷன் என்று இன்றும் அழைக்கப்படுகிறது. குடியேறும்போது உரிமையாளரிடம் கொடுத்து வைக்கும் பிணைத்தொகை முன்பணம் அல்லது அட்வான்ஸ் ஆகும். தரகருக்குரிய தொகை தரகு அல்லது கமிஷன் ஆகும். மாத வாடகை இன்றி ஒரு பெருந்தொகையைக் கொடுத்துக் குடியிருக்கும் முறை போக்கியம் எனப்படும். சென்னையில் இதனை லீஸ் என்பர்.

டோல்கேட் வட்டாரம்

டோல்கேட், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், புதுவண்ணாரப்பேட்டைக்கும் காலடிப்பேட்டைக்கும் இடையில் அமைந்துள்ளது. தெற்கே இராயபுரம், காசிமேடு மீன்பிடித் துறைமுகம், சென்னைத் துறைமுகம் ஆகியனவும், வடக்கே திருவொற்றியூர், எண்ணூர் ஆகியனவும் உள்ளன. திருவொற்றியூர் 2011ஆம் ஆண்டு வரை தனி நகராட்சியாக இருந்து, அவ்வாண்டில் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது.

இவ்வட்டாரத்தின் வாடகைத் தேவை தொழிற்சாலைகளாலும் துறைமுகங்களாலும் வளர்ந்ததாகும். எண்ணூரில் 1948இல் நிறுவப்பட்ட அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் தொடங்கிய எம். ஆர். எஃப்., 1950களில் அங்கு அமைந்த என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை, 1960களில் மணலியில் அமைந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 2001இல் வணிகப் பயன்பாட்டுக்கு வந்த எண்ணூர்த் துறைமுகம் ஆகியவற்றை ஒட்டித் தொழிலாளர் குடும்பங்கள் இப்பகுதியில் குடியேறின. கண்டெய்னர் லாரி ஓட்டுநர்கள், சுமை தூக்குவோர், மீன்பிடித் தொழில் சார்ந்தோர், வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஆகியோரும் இங்கு வாடகைக்கு வாழ்கின்றனர். 2021 பெப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ தொடருந்துத் தடம் நீட்டிக்கப்பட்டபோது டோல்கேட்டிலும் ஒரு நிலையம் அமைந்தது. இதனால் நகரின் நடுப்பகுதிகளில் பணிபுரிவோருக்கும் இவ்வட்டாரம் எட்டும் தொலைவிலானது.

தரகு நடைபெறும் முறை

வாடகைத் தரகர்களுள் பெரும்பாலோர் அலுவலகம் வைத்திருப்பதில்லை. தேநீர்க் கடை, பெட்டிக்கடை, நகலகம், இஸ்திரி வண்டி போன்ற, தெருவில் யார் வருகிறார் யார் போகிறார் என்பது தெரியும் இடங்களே இவர்களது அலுவலகம் ஆகும். சிலர் இதனை முழுநேரத் தொழிலாகவும், சிலர் வேறு தொழிலுடன் சேர்த்தும் செய்கின்றனர். எந்த வீடு அடுத்த மாதம் காலியாகும், எங்குத் தண்ணீர் தட்டுப்பாடு, எந்த உரிமையாளர் எத்தகைய குடும்பத்தை விரும்புவார் என்னும் செய்திகளே தரகரின் மூலதனம் ஆகும்.

வீடு தேடுபவர் தமது தேவையையும் கொடுக்கக்கூடிய வாடகையையும் கூறுவார். தரகர் சில வீடுகளைக் காட்டுவார். வீடு பிடித்துவிட்டால், அதனை வேறு எவருக்கும் கொடுக்காதிருக்க ஒரு சிறு தொகை டோக்கனாகக் கொடுக்கப்படும். பின்னர் உரிமையாளருடன் பேசி வாடகை, முன்பணம், மின்கட்டணம், பராமரிப்பு ஆகியன முடிவு செய்யப்படும். முன்பணம் கொடுத்துச் சாவி பெறும்போது தரகு கொடுக்கப்படுகிறது. குடியேறுபவர் ஒரு மாத வாடகையைத் தரகாகக் கொடுப்பது பரவலான வழக்கம் ஆகும். உரிமையாளரிடமிருந்தும் தரகர் ஒரு தொகை பெறுவதுண்டு. இத்தொகைகள் வழக்கத்தால் அமைந்தவையே அன்றிச் சட்டத்தால் வரையறுக்கப்பட்டவை அல்ல.

இரு தரப்பிலும் தரகு பெறுபவர் உண்மையில் எத்தரப்பின் முகவர் என்பது பெரும்பாலும் தெளிவாக இருப்பதில்லை. வாடகை உயர்ந்தால் தரகும் உயர்கிறது. ஆகவே வாடகையைக் குறைத்துப் பேசுவதில் தரகருக்குப் பொருளியல் நாட்டம் இல்லை.

முன்பணம்

சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகப் பெறுவது நெடுங்கால வழக்கமாக இருந்து வந்துள்ளது. வாரக் கூலியோ நாட்கூலியோ பெறும் குடும்பங்களுக்கு மாத வாடகையைவிட இம்முன்பணமே பெருஞ்சுமை ஆகும். எடுத்துக்காட்டாக, மாத வாடகை 6,000 ரூபாய் எனக் கொண்டால், பத்து மாத முன்பணம் 60,000 ரூபாய், தரகு 6,000 ரூபாய், முதல் மாத வாடகை 6,000 ரூபாய் என, குடியேறும் நாளன்றே 72,000 ரூபாய் தேவைப்படும். மாதம் 18,000 ரூபாய் ஈட்டும் குடும்பத்திற்கு இது நான்கு மாத வருவாய் ஆகும். நகை அடகு, வட்டிக்கடன் ஆகியவற்றால் இத்தொகை திரட்டப்படும்போது, வீட்டைக் காலி செய்கையில் முன்பணம் முழுமையாகவும் உரிய காலத்திலும் திரும்பக் கிடைப்பது அக்குடும்பத்தின் அடுத்த வீட்டையே முடிவு செய்வதாக உள்ளது. வெள்ளையடித்தல், பழுது நீக்கல் முதலியவற்றிற்கென முன்பணத்திலிருந்து பிடித்தம் செய்வது குறித்தே பிணக்குகள் பெரிதும் எழுகின்றன. தரகரின் பணி சாவி கைமாறியதும் முடிந்துவிடுவதால், இப்பிணக்குகளில் அவர் பொறுப்பேற்பதில்லை.

சட்டங்களின் வரலாறு

இரண்டாம் உலகப் போரையடுத்த வீட்டுப் பற்றாக்குறையின் காரணமாகச் சென்னை மாகாணத்தில் 1946இலும் 1949இலும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் இயற்றப்பட்டன. இவற்றைத் தொடர்ந்து 1960ஆம் ஆண்டின் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டு) சட்டம் வந்தது. இதன்படி நியாய வாடகை முடிவு செய்யப்பட்டது. குறிப்பிட்ட காரணங்களுக்காக மட்டுமே குடியிருப்பவரை வெளியேற்ற இயலும். வீடு காலியானதை உரிமையாளர் அரசு அலுவலருக்கு அறிவிக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. அவ்வாறு அறிவிக்கப்பட்ட வீட்டை அரசு தன் ஊழியர்களுக்கு ஒதுக்கலாம். காலி வீடு பற்றிய செய்தியைத் திரட்டும் வேலையை ஒரு காலத்தில் அரசும் செய்தது என்பது இதனால் தெரிகிறது. ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்பதும் அச்சட்டத்தின் விதியாகும். எனினும் நடைமுறையில் பத்து மாத முன்பணமே நிலைத்தது.

இன்றைய சட்ட நிலை

1960ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக, சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2019 பெப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன் முக்கிய விதிகள் பின்வருமாறு:

* வாடகை உடன்படிக்கை எழுத்து வடிவில் இருத்தல் வேண்டும். அது வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யப்படல் வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் இவ்வமைப்பாகச் செயல்படுகிறார். பதிவுக்கு அரசின் இணையவாயில் உள்ளது.
* வேறுவகையான உடன்பாடு இல்லாவிடில், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது.
* வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்திற்குள், உரிய பிடித்தம் போக, முன்பணம் திருப்பித் தரப்பட வேண்டும்.
* செலுத்திய வாடகைக்குப் பற்றுச்சீட்டு பெறக் குடியிருப்பவருக்கு உரிமை உண்டு.
* குடிநீர், மின்சாரம் முதலிய இன்றியமையா வசதிகளை உரிமையாளர் துண்டிக்கலாகாது.
* முன் இசைவின்றி உள்வாடகைக்கு விடலாகாது.

எழுத்து உடன்படிக்கை செய்து கொள்ளாமை, இரண்டு மாத வாடகை நிலுவை ஆகியன வீட்டைத் திரும்பப் பெற உரிமையாளர் கூறத்தக்க காரணங்களுள் அடங்கும். ஆகவே வாய்மொழியாகக் குடியேறுவது, முன்பணத்திற்குச் சான்று இல்லாமற் செய்வதுடன், குடியிருக்கும் உரிமையையும் வலுவிழக்கச் செய்கிறது. பதினொரு மாதத்திற்கு உடன்படிக்கை எழுதும் வழக்கம், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளைக் கட்டாயமாகப் பதிவு செய்யக் கோரும் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தினால் தோன்றியது ஆகும். 2017ஆம் ஆண்டுச் சட்டம் பதினொரு மாத உடன்படிக்கைக்கும் பொருந்தும்.

தரகரைப் பொறுத்தவரை நிலை வேறாக உள்ளது. 2016ஆம் ஆண்டின் மனை வணிக (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு) சட்டம் முகவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. ஆனால் அது மனைவணிகத் திட்டங்களில் விற்பனைக்கு இடைநிற்கும் முகவர்களையே குறிக்கிறது. வாடகைத் தரகரை அன்று. 2017ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையாளரின் சார்பில் வீட்டைப் பேணும் சொத்து மேலாளரைக் குறிப்பிடுகிறது. வீட்டைக் காட்டிவிட்டு விலகும் தரகர் அவ்வகையில் சேரார். இவருக்குப் பொருந்துவது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் ஆகும். அதன் 219ஆம் பிரிவின்படி, தனி ஒப்பந்தம் இல்லாதவிடத்து, ஒப்புக்கொண்ட செயல் முடிந்த பின்னரே முகவருக்கு ஊதியம் உரியதாகும். வீடு அமையும் முன்னரே தரகு கேட்கப்படும்போது இவ்விதி பயன்படும்.

மோசடி வகைகள்

வாடகைத் தரகில் நிகழும் மோசடிகளுள் போக்கியம் தொடர்பானவை இழப்பு மிகுந்தவை. ஒருவர் உரிமையாளரிடம் வீட்டை மாத வாடகைக்கு எடுத்து, தாமே உரிமையாளர் போன்றோ உரிமையாளரின் முகவர் போன்றோ காட்டி, வேறொரு குடும்பத்திடம் சில இலட்சங்களைப் போக்கியத் தொகையாகப் பெறுகிறார். சில மாதங்கள் உரிமையாளருக்கு வாடகை செலுத்திவிட்டுப் பின்னர் மறைந்துவிடுகிறார். உரிமையாளர் வாடகை கேட்டு வரும்போதே குடியிருக்கும் குடும்பத்திற்கு உண்மை தெரிகிறது. இருவருமே ஏமாற்றப்பட்டவர்கள் ஆதலால், இழந்த தொகைக்காக அக்குடும்பம் மறைந்தவரையே தேட வேண்டியுள்ளது.

வங்கியில் அடமானமாக உள்ள வீட்டைப் போக்கியத்திற்கு விடுவது இன்னொரு வகை ஆகும். உரிமையாளர் கடனைச் செலுத்தத் தவறினால், 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தின்கீழ் வங்கி வீட்டைக் கைப்பற்ற நடவடிக்கை எடுக்கலாம். அப்போது போக்கியத் தொகை கேள்விக்குள்ளாகிறது. ஒரே வீட்டிற்குப் பலரிடம் டோக்கன் பெறுவதும் உண்டு. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் நம்பிக்கை மோசடி 316ஆம் பிரிவிலும், ஏமாற்றுதல் 318ஆம் பிரிவிலும் அமைந்துள்ளன.

இவற்றைத் தவிர்க்கச் சில ஆவணங்கள் உதவுகின்றன. சொத்துவரிச் சீட்டும் மின் இணைப்பின் பெயரும் வீடு யாருடையது என்பதை அறிய உதவும். வில்லங்கச் சான்றிதழில் பதிவு செய்யப்பட்ட விற்பனைகளும் அடமானங்களும் தெரியவரும். முன்பணத்தை உரிமையாளரின் வங்கிக் கணக்கிற்கே நேரடியாகச் செலுத்துவது தானே ஒரு சான்றாக அமைகிறது.

தேர்ந்தெடுத்தலும் பாகுபாடும்

உரிமையாளர் நேரில் சொல்லத் தயங்கும் நிபந்தனைகளைத் தரகரே வடிகட்டுகிறார். திருமணமாகாத ஆண்கள், தனித்து வாழும் பெண்கள், புலால் உண்போர், குறிப்பிட்ட சமயத்தினர் அல்லது சாதியினர், வெளிமாநிலத்தவர் ஆகியோருக்கு வீடு இல்லை என்பது பெரும்பாலும் தரகர் நிலையிலேயே, காரணம் கூறப்படாமல், முடிந்துவிடுகிறது. சமயம், சாதி முதலியவற்றின் அடிப்படையில் கடைகள், உணவகங்கள் போன்ற இடங்களில் நுழையத் தடை விதிப்பதை இந்திய அரசியலமைப்பின் 15ஆம் உறுப்பு விலக்குகிறது. தனியார் வாடகை வீடுகள் அவ்வுறுப்பில் பெயர் கூறிக் குறிப்பிடப்படவில்லை.

2012 பெப்ரவரியில், வங்கிக் கொள்ளைகளில் தேடப்பட்ட ஐவர் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன்பின் குடியிருப்போர் பற்றிய விவரங்களைக் காவல் நிலையத்தில் அளிக்குமாறு சென்னை வீட்டு உரிமையாளர்களுக்கு ஆணையிடப்பட்டது.

பிற இடங்களில்

தரகை யார் கொடுப்பது என்பதற்குச் சில நாடுகள் சட்டத்தால் விடை கண்டுள்ளன. செருமனியில் 2015 சூன் 1 முதல், தரகரை அமர்த்துபவரே தரகைக் கொடுக்க வேண்டும். இங்கிலாந்தில் 2019 சூன் 1 முதல், வாடகை முகவர்கள் குடியேறுபவரிடம் பெறும் கட்டணங்களுள் பெரும்பாலானவை தடை செய்யப்பட்டன. அங்கு 2007 முதல், பெரும்பான்மையான வாடகை வீடுகளின் முன்பணம் அரசு ஏற்பளித்த காப்புத் திட்டம் ஒன்றின் பாதுகாப்பில் வைக்கப்படுகிறது. நியூயார்க் நகரில் 2025 சூன் முதல் செருமானிய விதியை ஒத்த விதி நடைமுறையில் உள்ளது. இந்திய ஒன்றிய அரசு 2021இல் ஏற்ற மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கான முன்பணத்திற்கு இரண்டு மாத வாடகையை மேல்வரம்பாகப் பரிந்துரைக்கிறது.

தமிழ்நாட்டில் வாடகைத் தரகுக்கு இத்தகைய வரையறை இல்லை. அதனால் டோல்கேட் போன்ற வட்டாரங்களில் குடியேறும் குடும்பத்திற்குத் தரகரின் சொல் வீட்டைக் கண்டுபிடிக்க மட்டுமே உதவுகிறது. கொடுத்த முன்பணத்திற்கும் குடியிருக்கும் உரிமைக்கும் பதிவு செய்யப்பட்ட உடன்படிக்கையும் பற்றுச்சீட்டுகளுமே சான்றாக நிற்கின்றன.