ஆளுக்கொரு சொல் வரும்போது எதை நம்புவது?



வீட்டுக்கு ஒரு வாகனம் வாங்கப் போகிறோம் என்ற பேச்சு வாசலைத் தாண்டிப் போய்விட்டால் போதும். மச்சான் ஒன்று சொல்வார். சாச்சா இன்னொன்று சொல்வார். கராஜ் பாஸ் இருவரையும் மறுத்து மூன்றாவதாக ஒன்று சொல்வார். எல்லோருமே உறுதியாகத்தான் சொல்வார்கள். கடைசியில் பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டியவரும், அந்தப் பணத்துக்காகக் காதிலும் கையிலும் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தவரும் முன்னரைவிடக் கூடுதலாகக் குழம்பி நிற்பார்கள்.

ஒன்றுக்கொன்று முரணான சொற்களை எப்படி நிறுத்துப் பார்ப்பது? இதை வெறும் புத்திமதியாகச் சொல்லாமல் ஓர் உண்மை விடயத்தை வைத்துப் பார்ப்போம். அமெரிக்காவில் ஏ.டி.வி. என்றும் அவுஸ்திரேலியாவில் குவாட் பைக் என்றும் அழைக்கப்படும் நாற்சக்கர வண்டியின் கதை அது. நம் ஊர்களில் இது அபூர்வம். ஆனால் வளைகுடா நாடுகளுக்குத் தொழிலுக்குப் போன நம்மவர்கள், விடுமுறை நாளில் பிள்ளைகளோடு பாலைவன மணலுக்குப் போனால் அங்கே வாடகைக்கு நிற்பதைக் காண்பார்கள். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பண்ணை வீடுகளில் இது ஆடு மாடு பார்க்கவும், வேலி பார்க்கவும், மருந்தடிக்கவும் ஓடுகிறது.

அது என்ன வண்டி?

மோட்டார் சைக்கிளில் போல இரு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து, கைப்பிடியால் திருப்பி ஓட்டுவது. காற்றழுத்தம் குறைந்த நான்கு தடித்த டயர்கள் இருப்பதால் மணல், சேறு, மேடு, பள்ளம் எல்லாவற்றிலும் ஏறி இறங்கும். பண்ணை வேலைக்குரிய பல வண்டிகளின் எடை 250 கிலோவுக்கு மேல். நான்கு சக்கரம் இருக்கிறதே, மோட்டார் சைக்கிளைவிடப் பத்திரம்தானே என்று கண் சொல்லும். ஆனால் வண்டி அகலத்தில் குறைந்தது, பாரம் உயரத்தில் இருப்பது. சரிவிலும் வளைவிலும் ஓட்டுபவர் தம் உடம்பைச் சாய்த்துச் சமநிலைப்படுத்த வேண்டும். தவறினால் வண்டி புரண்டு அவர் மேலேயே விழும்.

இதன் வரலாறு மூன்று சக்கரத்தில் தொடங்கியது. ஹொண்டா கம்பனி 1970இல் அமெரிக்காவில் மூன்று சக்கர வண்டியை விற்பனைக்கு விட்டது. 1982இல் சுசுகி கம்பனி நாற்சக்கர வண்டியைக் கொண்டுவந்தது. மூன்று சக்கர வண்டியை ஓட்டியவர்களில் பலர் அதை மெச்சினார்கள். வைத்தியசாலைகளில் காயங்களைக் கண்டவர்களோ வேறு விதமாகப் பேசினார்கள். ஈற்றில் 1988இல் அமெரிக்க அரசும் வண்டி செய்யும் கம்பனிகளும் நீதிமன்றத்தின் ஊடாக ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை நின்றது. பெரியவர்களுக்கான வண்டியை 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்காக விற்பதில்லை என்றும் கம்பனிகள் ஒப்புக்கொண்டன. 2008இல் வந்த சட்டம் புதிய மூன்று சக்கர வண்டிகளுக்கான தடையை உறுதியாக்கியது.

அவுஸ்திரேலியாவில் எழுந்த வாதம்

அவுஸ்திரேலியாவில் குவாட் பைக் விபத்துகளில் ஆண்டுக்குச் சராசரியாக 16 பேர் உயிரிழந்து வந்ததாக அந்நாட்டின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு 2019இல் எடுத்துக்காட்டியது. மாண்டவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். அடிபட்ட காயத்தால் மட்டும் இவர்கள் இறக்கவில்லை. புரண்ட வண்டி நெஞ்சின் மேல் கிடந்ததால், மூச்சை உள்ளே இழுக்க முடியாமல் இறந்தவர்களும் உண்டு. பண்ணையில் தனியே வேலை செய்பவருக்கு வண்டியைத் தூக்கிவிட ஆள் இருக்காது.

வண்டியின் பின்பக்கத்தில் உறுதியான ஒரு வளையத்தைப் பொருத்தினால், வண்டி புரண்டாலும் நிலத்துக்கும் அதற்கும் இடையில் ஆள் தப்பிக்கொள்ள இடைவெளி கிடைக்கும் என்று ஒரு சாரார் சொன்னார்கள். பெரிய கம்பனிகள் இதை மறுத்தன. அந்த வளையமே ஆளை அடிக்கலாம், புதிய காயங்களை உண்டாக்கலாம், தலைக்கவசமும் பயிற்சியும் வயதுக் கட்டுப்பாடும்தான் சரியான வழி என்றன. இரு பக்கத்தாரிடமும் ஆய்வுகள் இருந்தன. இரு பக்கத்திலும் படித்தவர்கள் இருந்தார்கள்.

அரசு 2019இல் முடிவெடுத்தது. 2020 ஒக்டோபர் முதல், வண்டி எத்தனை பாகை சரிவில் கவிழத் தொடங்கும் என்பதை எழுதிய அட்டை ஒவ்வொரு புதிய வண்டியிலும் தொங்க வேண்டும். 2021 ஒக்டோபர் முதல், பண்ணை வேலைக்கான புதிய குவாட் பைக்குகளில் அந்தப் பாதுகாப்பு வளையம் கட்டாயம். இதை ஏற்காத ஹொண்டா, யமஹா போன்ற கம்பனிகள் அங்கே அவ்வகை வண்டிகளை விற்பதை நிறுத்தின. வேறு சில கம்பனிகள் சட்டப்படி வளையத்தைப் பொருத்தி விற்றன.

இப்போது ஒரு பண்ணை வீட்டுப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். கணவருக்கு வண்டி வேண்டும். விற்பவர் ஒரு பேச்சு, அயலவர் ஒரு பேச்சு, அரசு ஒரு பேச்சு. அவள் யாரை நம்புவாள்?

சொல்லை நிறுக்கும் படிகள்

அரபுக் கல்லூரியில் ஒரு செய்தியைப் படிக்கும்போது செய்திக்கு முன்னர் அதைக் கொண்டுவந்தவரைப் பார்க்கப் பழக்குவார்கள். சொன்னவர் யார், அவர் நேரே கண்டாரா அல்லது கேட்டதைச் சொன்னாரா, அவருடைய ஞாபகம் எப்படி, அதில் அவருக்கு ஏதும் தேவை இருந்ததா என்று விசாரித்த பிறகே செய்திக்கு வருவோம். வாகனம் வாங்கவும் அந்தப் பழக்கம் உதவும்.

முதலாவது, சொல்பவர் எந்த நிலத்தில் நின்று சொல்கிறார் என்று கேளுங்கள். சமதரை மணலில் ஓட்டியவர் “ஒரு பயமும் இல்லை” என்பார். மலைச் சரிவில் ஓட்டியவர் “கிட்டவும் போகாதீர்கள்” என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. நம் வயல்களில் ஓடும் லேண்ட் மாஸ்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கப் பிடியை அழுத்தினால் வலப்பக்கம் திரும்பும் என்பார் ஒருவர். இல்லை, இடப்பக்கம் திரும்பும் என்பார் மற்றவர். சமதரையிலும் ஏற்றத்திலும் முதலாமவர் சொல்வது சரி, ஏனென்றால் வலது சக்கரத்துக்குப் போகும் இழுவை நின்றுவிடுகிறது. இறக்கத்திலோ இடது சக்கரத்தை இயந்திரம் பிடித்து வைத்திருக்க, விடுபட்ட வலது சக்கரம் முந்தி ஓடும். அதனால் வண்டி இடப்பக்கம் திரும்பிவிடும். இந்த வித்தியாசம் தெரியாமல் இறக்கத்தில் இறங்குபவர் பள்ளத்தில் விழுவார். ஆகவே முரணாகத் தெரியும் இரண்டு சொற்களில் ஒன்றைப் பொய் என்று தள்ளுமுன், எங்கே, எப்போது, என்ன வேலைக்கு என்று கேட்டுப் பாருங்கள். பாதி முரண் அங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது, சொல்பவரின் தேவையைப் பாருங்கள். விற்பவருக்கு விற்க வேண்டும், அது வெளிப்படை. வாங்கி முடித்தவருக்கும் ஒரு தேவை உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். தாம் கொடுத்த பணம் வீணில்லை என்று தமக்கே சொல்லிக்கொள்ள அவர் விரும்புவார். ஒரே ஒரு தடவை உடைந்துபோன வண்டியால் மனம் நொந்தவரோ அந்தக் கம்பனியின் எல்லா வண்டிகளையும் ஏசுவார். தேவை இருப்பதால் ஒருவர் சொல் பொய்யாகிவிடாது. ஆனால் அதற்கு மட்டும் சாட்சியாக இன்னொருவரைத் தேடுங்கள்.

மூன்றாவது, எண்ணிக்கையைக் கண்டு மயங்காதீர்கள். பத்துப் பேர் ஒன்றையே சொன்னால் பத்துச் சாட்சி என்று எண்ணுகிறோம். அந்தப் பத்துப் பேரும் ஒருவரிடம் கேட்டதையே சொல்கிறார்கள் என்றால் அது ஒரே சாட்சிதான். “உங்களுக்கு இது எப்படித் தெரியும்?” என்று மரியாதையாக ஒரு கேள்வி கேட்டால் போதும்.

நான்காவது, பேச வராதவர்களை நினையுங்கள். “முப்பது வருடம் ஓட்டுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை” என்பவர் நம் முன்னால் இருக்கிறார், பேசுகிறார். வண்டி மேலே விழுந்து இறந்தவர் வந்து சாட்சி சொல்ல மாட்டார். பத்திரமாக இருந்தவர்களின் சொல்லை மட்டும் கூட்டிக் கணக்குப் பார்த்தால் எந்த ஆபத்தும் சிறியதாகவே தெரியும். இத்தகைய இடங்களில் தனி மனிதரின் அனுபவத்தைவிட, வைத்தியசாலைகளிலும் மரண விசாரணைகளிலும் திரட்டிய கணக்குக்கு எடை அதிகம்.

ஐந்தாவது, பிழைத்துப்போனால் எது போகும் என்று பாருங்கள். எரிபொருள் குடிக்கும், உதிரிப்பாகம் கிடைக்காது, விற்கும்போது விலை போகாது என்ற விடயங்களில் நாம் தவறான பேச்சை நம்பினால் காசு போகும். காசை மறுபடியும் உழைக்கலாம். புரளும், பிரேக் பிடிக்காது, பிள்ளைக்கு ஆகாது என்ற விடயங்களில் தவறினால் போவது உயிர். அங்கே இரண்டு சொல் வந்தால் எச்சரிக்கை சொல்லும் பக்கமே நிற்பது புத்தி. விற்பவர் சொன்னது தப்பாக இருந்தாலும் தாங்கிக்கொள்ளக் கூடிய இடத்தில் மட்டும் அவர் சொல்லை ஏற்றுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் விடயத்தில்

பிள்ளைகளைப் பற்றியும் அமெரிக்காவில் இரண்டு அபிப்பிராயங்கள் இருக்கின்றன. பிள்ளையின் வயதுக்கேற்ற சிறிய வண்டியை, பெரியவரின் மேற்பார்வையில் ஓட்டலாம் என்பது வண்டி செய்வோர் கட்சி. 16 வயதுக்குக் குறைந்த எவரும் இதை ஓட்டவே கூடாது என்பது அந்நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் கருத்து. நான் மேலே சொன்ன படிகளில் இதை வைத்துப் பாருங்கள். ஒரு சாராருக்கு விற்க வேண்டும். மறு சாரார் காயப்பட்ட பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்ப்பவர்கள். தவறினால் போவது பிள்ளை. சிறு பிள்ளையின் உடம்புக்கு வண்டியைச் சமநிலைப்படுத்தும் எடையும் இல்லை, சரிவைக் கண்டு முடிவெடுக்கும் பக்குவமும் இல்லை. முடிவு செய்ய இதற்கு மேல் என்ன வேண்டும்?

இன்னொன்றும் கவனிக்க வேண்டும. பெரும்பாலான குவாட் பைக்குகளின் ஆசனம் நீளமாக இருக்கும். பின்னால் ஒரு பிள்ளையை ஏற்றிக்கொள்ளலாம் என்று அதைப் பார்த்தவுடன் தோன்றும். அந்த நீளம் ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்ந்து உடம்பைச் சாய்ப்பதற்காக வைத்தது. இருவர் ஏறுவதற்கென்றே செய்யப்படாத வண்டியில் பின்னால் ஒரு பிள்ளை உட்கார்ந்தால், ஓட்டுபவர் நகர இடமில்லை, வண்டியின் சமநிலையும் கெடும். தார் வீதியில் ஓட்டுவதும் அப்படித்தான். மணலுக்கும் மண்ணுக்கும் செய்த டயர் தார் வீதியை இறுகப் பிடித்துக்கொள்வதால், வேகமாகத் திருப்பினால் புரண்டுவிடும்.

ஸ்டியரிங்கும், ஆசனப் பட்டியும், தலைக்கு மேல் இரும்புக் கூடும் உள்ள, இருவர் அருகருகே அமரும் வண்டியும் உண்டு. குவாட் பைக்கை விட்ட பண்ணையாளர்களில் பலர் அதற்கு மாறினார்கள். ஆனால் பட்டியைப் போடாவிட்டால் அந்தக் கூடு காப்பாற்றாது. வண்டி புரளும்போது ஆள் வெளியே எறியப்பட்டு அதே கூட்டின் கீழ் அகப்படலாம்.

உங்கள் பங்கு என்ன?

“வாகன விடயம் ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்று நம் பெண்களில் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். இயந்திரத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். வீட்டைப் பற்றி உங்களைவிடத் தெரிந்தவர் யார்? சாவி எந்த ஆணியில் தொங்கும், பதின்மூன்று வயது மகன் வாப்பா தூங்கும் நேரத்தில் அதை எடுப்பானா, மாதக் கட்டணம் கட்டும் மாதத்தில் பாடசாலைச் செலவுக்கு என்ன மிஞ்சும் என்பவை எந்த கராஜ் பாஸுக்கும் தெரியாதவை. மஷூறா என்றால் இவையும் மேசைக்கு வர வேண்டும்.

ஆகவே த்ரீவீலர் ஆகட்டும், வேன் ஆகட்டும், லேண்ட் மாஸ்டர் ஆகட்டும், வாங்குமுன் ஒரு தாளை எடுங்கள். யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அவர் கண்டாரா கேட்டாரா, எந்த நிலத்தில் ஓட்டினார், அவருக்கு அதில் தேவை உண்டா என்று எதிரே எழுதுங்கள். காசு போகும் விடயங்களையும் உயிர் போகும் விடயங்களையும் வேறாக்குங்கள். முதலாவதில் விட்டுக்கொடுக்கலாம். இரண்டாவதில் வீட்டில் எவர் கோபித்தாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். வண்டியை நம்பகமான வேறொரு மெக்கானிக்கிடம் காட்டும்வரை முற்பணம் கொடுக்க வேண்டாம் என்று அன்போடு சொல்லுங்கள். அவசரப்படுத்தும் விற்பனையாளரிடம், “நாளைக்கு வருகிறோம்” என்று சொல்லிவிட்டு எழுந்து வரும் தைரியம் உங்கள் வீட்டில் ஒருவருக்காவது இருக்கட்டும்.