என் மூன்று வேட்டைத் துப்பாக்கிகள்

பாட்டனார் வழியில் எனக்கு வந்த வேட்டைத் துப்பாக்கிகள் மூன்று: 12 போர், 20 போர், 410. காண வரும் மாணவர்கள் கேட்பது ஒரே கேள்வி. எண்ணிற் சிறிய 12 போரின் குழல், 20 போரினும் அகன்றிருப்பானேன்?

அவ்வெண் குழலின் அளவன்று. ஈய உருண்டைகளின் எண்ணிக்கை. ஒரு பவுண்டு, அதாவது சுமார் 454 கிராம் ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று சரியாகப் பொருந்தும் குழலே 12 போர். அதன் உள்விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். 20 உருண்டைகளாக்கினால் ஒவ்வொன்றும் சிறுக்கும், குழலும் 15.6 ஆகக் குறுகும். இக்கணக்கிற்கு அடங்காத பிள்ளை 410. அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் 410 பங்கே அதன் விட்டம்.

குழலை மடித்துத் திறந்து, தோட்டா இல்லையெனக் காட்டிய பின்னரே எதையும் பிறர் கையிற் கொடுப்பேன். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் இவை காட்டுக்குச் சென்றதில்லை. 2019-இல் படைக்கலச் சட்டம் திருத்தப்பட்டது. ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிகளே என்றாயிற்று. எதை விடுவது? சிறுவயதில் தந்தையார் எனக்குக் குறிபார்க்கக் கற்பித்தது 410-இல்தான். ஆனால் 12-உம் 20-உம் அருகருகே இல்லாவிடில், வருகிற மாணவர்களுக்கு இக்கணக்கை எதைக்கொண்டு காட்டுவேன்? 410-ஐயே ஒப்படைத்தேன்.